மழைக்குளிரில் கோழியும் குதிரையும்: சாத்தி வைப்பதா, திறந்து விடுவதா?

கோழியும் குதிரையும் சேர்த்து வளர்க்கிறவர்களுக்கு மழைக்காலத்தில் வேலை இரண்டு மடங்கு ஆகாது, நாலு மடங்கு ஆகும். 2 கிலோ பறவைக்குச் சரிப்படுவது 500 கிலோ விலங்குக்குச் சரிப்படாது, ஆனால் இரண்டையும் பார்த்துக்கொள்வது அதே ஆள், அதே நனைந்த பூட்ஸ். கேள்விகளும் ஒவ்வொரு வருஷமும் அதேதான்: கதவைச் சாத்துவதா திறப்பதா, போர்த்துவதா விடுவதா, கூளத்தை அள்ளுவதா சேர்ப்பதா. இரண்டு பக்கமும் செய்து பார்த்திருக்கிறேன், சிலவற்றில் சூடும் பட்டிருக்கிறேன். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு காய்ந்திருந்தால் கோழியும் சரி குதிரையும் சரி, நாம் பயப்படுவதைவிட அதிகமாகவே குளிரைத் தாங்கும். அதனால் எந்த வழி ஈரத்தை வெளியேற்றுகிறது என்பதை வைத்துத்தான் இங்கே மார்க் போடுகிறேன்.

கோழிக்கூடு: இறுகச் சாத்தியதா, காற்றோடுவதா

முதல் வருஷம் கூட்டைச் சுற்றிப் பிளாஸ்டிக் விரிப்பு கட்டி, இண்டு இடுக்கில் எல்லாம் துணி அடைத்து, உள்ளே கையை விட்டுப் பார்த்து, ஆகா என்ன கதகதப்பு என்று திருப்தியாகத் தூங்கப் போன ஆள் நான். ஒரே வாரத்தில் காலையில் கூரையின் உட்புறம் துளித்துளியாக வேர்த்து நின்றது, உறைபனி விழுந்த ஓர் இரவுக்குப் பிறகு சேவலின் கொண்டை நுனி கறுத்துப் போயிருந்தது. வெளியே மேய விட்டிருந்தால்கூட இது நடந்திருக்காது என்று அப்புறம்தான் புரிந்தது. கோழியின் மூச்சில் ஈரம், அது போடும் எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். அத்தனையையும் நான் துணி அடைத்துப் பத்திரமாக உள்ளேயே வைத்திருந்தேன்.

கோழியின் உடல் வெப்பம் சுமார் 41 டிகிரி. அதைக் காப்பது சிறகுகளுக்கு நடுவே தங்கும் காற்று. சிறகு நமுத்துப்போனால் அந்தக் காற்றும் போச்சு. கூடவே எச்சத்திலிருந்து கிளம்பும் அமோனியா. நாம் நிமிர்ந்து நின்று முகர்ந்தால் ஒன்றும் தெரியாது. குனிந்து, கோழி உட்காரும் உயரத்துக்கு மூக்கைக் கொண்டுபோய்ப் பாருங்கள். கண் கரித்தால், கோழி ராத்திரி முழுக்க அதைத்தான் சுவாசித்திருக்கிறது.

அதற்காகக் கதவைத் தொறந்து போட்டுவிட்டுக் குளிர்காற்று அடிக்க விடுவதும் தப்புதான். கோழி உட்காரும் கம்புக்கு மேலே, கூரையை ஒட்டி, கம்பிவலை அடித்த திறப்பு. கம்பின் மட்டத்திலும் அதற்குக் கீழேயும் ஓட்டை இல்லாத சுவர். ஈரக்காற்று மேலே போய்விடும், கோழியின் மேல் காற்று அடிக்காது. மழைச்சாரல் உள்ளே வரும் என்பது நியாயமான புகார், கூரையை ஒரு முழம் வெளியே நீட்டினால் அதுவும் தீர்ந்தது. கம்பு உருட்டாக இருப்பதைவிடப் பட்டையாக இருப்பது நல்லது, விரலின் மேல் வயிற்றுச் சிறகு போர்த்தி உட்காரும்.

சூட்டு விளக்கு வைப்பவர்களும் உண்டு. குஞ்சுகளுக்குச் சரி. வளர்ந்த கோழிக்கு வேண்டாம் என்பேன்: தூசியும் மரத்தூளும் நிறைந்த கூட்டில் அது தீ விபத்துக்குப் போடும் அழைப்பு, ஒரு நாள் கரண்ட் போனால் சூட்டுக்குப் பழகிய பறவைகள் திடீரென்று குளிரில் மாட்டிக்கொள்ளும். முட்டை குறைகிறதே என்று விளக்கு வைப்பவர்கள் கவனிக்க, குறைவதற்கு முக்கியக் காரணம் பகல் சுருங்குவது. வெளிச்சம்தான் கணக்கு, சூடு இல்லை.

கூளம்: இங்கே இரண்டுக்கும் ஒரே பதில் கிடையாது

கோழிக்கு ஆழ்கூள முறைக்கே என் ஓட்டு. 10 முதல் 15 சென்டிமீட்டர் காய்ந்த மரச்சீவல் போட்டு, அவ்வப்போது கிளறி, மேலே மேலே சேர்த்துக்கொண்டே போவது. தினமும் அள்ளிக் கழுவும் கூடு மழைக்காலத்தில் காயவே காயாது, அந்தக் கஷ்டத்துக்குப் பலன் பூஜ்யம். ஒரு பிடி கூளத்தை எடுத்து அழுத்திப் பாருங்கள், உதிர்ந்தால் சரி, கொழுக்கட்டை மாதிரி பிடிபட்டால் ஈரம் மிஞ்சிவிட்டது, அந்தப் பகுதியை அள்ளி எறிய வேண்டும். ஈரக்கூளம்தான் ரத்தக்கழிச்சல் கிருமிக்கு நாற்றங்கால். பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்த் தொட்டி. அகலத் தட்டில் வைத்தால் சிந்தும். கொத்தினால் சொட்டும் நிப்பிள் போட்டதிலிருந்து எனக்குப் பாதி வேலை குறைந்தது.

இதையே குதிரைக்குச் செய்யலாமா என்றால், செய்கிறார்கள், எனக்குப் பிடிக்கவில்லை. குதிரை ஒரு நாளைக்கு 15, 20 கிலோ லத்தி போடும், லிட்டர் கணக்கில் மூத்திரம் பெய்யும், குளம்பு அதிலேயே ஊறும். குளம்பின் அடியில் நடுவே இருக்கும் முக்கோண மெத்தை கறுத்து அழுகும். பார்ப்பதற்கு முன்பே நாற்றம் சொல்லிவிடும். தினமும் லத்தியையும் நனைந்த இடத்தையும் அள்ளிவிட்டு, குளம்பைக் கொக்கியால் சுரண்டிவிடுவதற்குக் குறுக்குவழி இல்லை.

குதிரை: லாயத்துக்குள்ளா, வெளியிலா

லாயத்தில் கட்டினால் நமக்கு நிம்மதி. சுத்தமாக இருக்கும், காணாமல் போகாது, மழை பெய்தால் நமக்குத் தூக்கம் வரும். குதிரைக்கு? நாள் முழுக்க நிற்பதால் கால் வீங்கும், உலர்புல் தூசியும் அமோனியாவும் நுரையீரலைப் பதம் பார்க்கும், சலிப்பில் கதவை உதைக்கும். வெளியே விட்டால் சகதி, வழுக்கல், மழையில் ஊறிய முதுகுத்தோலில் பொருக்குப் பொருக்காகக் கிளம்பும் தொற்று. நடுவழி ஒன்று உண்டு, அதற்குத்தான் நான் மார்க் போடுகிறேன்: மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, மேலே கூரை, முன்னால் நீர் தேங்காத கெட்டித்தரை. வேண்டும்போது உள்ளே வரும், வேண்டாதபோது போகும். கொட்டுகிற மழையில் வெளியே நின்றுகொண்டு கூரையைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் குதிரைகளும் உண்டு, அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அந்தத் தரைக்கு மரச்சில்லு மலிவு, ஆனால் ஓரிரு வருஷத்தில் மக்கிச் சேறாகிவிடும். ஜல்லி நிற்கும், அடியில் பிரிப்புத் துணி விரித்திருந்தால் மட்டும். இல்லாவிட்டால் கொட்டிய அத்தனையும் மண்ணுக்குள் போய்விடும். நான் ஒரு தடவை அப்படிப் புதைத்திருக்கிறேன்.

போர்வை விஷயத்தில்தான் ஆட்கள் சண்டைக்கு வருகிறார்கள். குளிர்கால மயிர் அடர்ந்த, சதைப்பிடிப்புள்ள, காய்ந்த குதிரை பூஜ்யத்துக்குக் கீழே சில டிகிரி வரை சும்மா நிற்கும். மயிர் சிலிர்த்து நிற்பதால்தான் அது முடிகிறது. அதே குதிரை தோல் வரை நனைந்து காற்றும் அடித்தால், 10 டிகிரியிலேயே நடுங்கும். போர்வை மயிரை அமுக்கிவிடும். கனமான போர்வைக்குள் வேர்க்கும். நீர் புகும் போர்வை இருப்பதைவிட இல்லாமல் இருப்பது மேல். அதனால் கிழம், மெலிந்தது, நோயாளி, மயிர் கத்தரித்தது, ஒதுங்கக் கூரை இல்லாதது, இவற்றுக்குப் போர்வை. மற்றவற்றுக்கு வேண்டாம். போர்த்தினால் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும், உள்ளே மெலிவதும் புண்ணாவதும் வெளியே தெரியாது. காது சில்லென்று இருக்கிறதே என்று போர்த்தாதீர்கள், தோள்பட்டைக்குப் பின்னால் கையை விட்டுப் பாருங்கள்.

குதிரையைச் சூடாக வைக்க இன்னொரு வழி தீவனம். தானியத்தைக் கூட்டுவதா, புல்லைக் கூட்டுவதா? புல்தான். நார்ச்சத்து பெருங்குடலில் நொதிக்கும்போது வெப்பம் வரும். 500 கிலோ குதிரைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் என்று தொடங்கி, குளிர் ஏறினால் கூட்டலாம். உலர்புல்லில் தண்ணீர் மிகக் குறைவு என்பதால் குடிக்கவும் வேண்டும், ஆனால் ஐஸ் மாதிரித் தண்ணீரைக் கண்டால் குறைத்துக்கொள்ளும், குடல் அடைத்து வயிற்றுவலி வரும். ஒரு வாளி வெந்நீர் கலந்து விடுவது சின்ன வேலை.

சேற்றுக்காலைத் தினமும் குழாயடியில் கழுவுவதா? நான் கழுவுவதை விட்டுவிட்டேன். ஊறிய தோலை மேலும் ஊறவைத்தால் வெடித்துப் புண்ணாகிறது. காயவிட்டு, பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும். கழுவியே ஆக வேண்டுமென்றால் துடைத்துக் காயவைக்க நேரம் ஒதுக்குங்கள்.

ஒரே கூரையா, தனித்தனியா

கோழி லாயத்துக்குள் வந்தால் லாபமும் இருக்கிறது: லத்தியைக் கிளறிப் புழுவைத் தின்னும், சிந்திய தானியத்தைப் பொறுக்கும். ராத்திரியும் அங்கேயே தங்கவிட்டால் கதை மாறும். எச்சம் உலர்புல்லிலும் தொட்டியிலும் விழும், சிவப்புப் பேன் பெருகிக் குதிரையையும் கடிக்கும். பகலில் விருந்தாளி, இருட்டினால் சொந்தக் கூடு.

தீவனத்தில் மட்டும் விளையாட்டே கூடாது. ரத்தக்கழிச்சலைத் தடுக்கச் சில கோழித் தீவனங்களில் மொனென்சின் கலந்திருக்கும். கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த மருந்து குதிரையின் இதயத் தசையைச் சிதைத்துவிடும், மாற்று மருந்து கிடையாது. மழைக்கு நனையக் கூடாதென்று எல்லா மூட்டைகளையும் லாயத்து மூலையில் அடுக்குகிற பழக்கம் எனக்கும் இருந்தது, ஒரு நாள் என் குதிரை மூக்கால் டிரம்மின் மூடியைத் தள்ளித் திறந்துகொண்டிருப்பதைப் பார்க்கிற வரைக்கும். நல்லவேளை, அது குதிரையின் சொந்த டிரம். இப்போது கோழித் தீவனம் கோழிக்கூட்டுப் பக்கம், தாழ்ப்பாளுக்குள். அள்ளுகிற கிண்ணம்கூட இரண்டு வைத்திருக்கிறேன்.