உடற்கூறியல் வினா அட்டைகள்: இரண்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

செவிலியர் படிப்பில் சேர்ந்ததிலிருந்து தினமும் காலையில் அரை மணி நேரம் உடற்கூறியலிலும் உடலியங்கியலிலும் என்னை நானே சோதித்துப் பார்க்கிறேன். போனில் ஒரு வினா அட்டைச் செயலி, கூடவே கோடு போடாத ஒரு நோட்டு, அவ்வளவுதான்.

முதல் 4 மாதம், நான்கில் ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். மதிப்பெண் 90 சதவீதத்துக்குக் கீழே போனதே இல்லை. ஒருநாள் மணிக்கட்டின் 8 எலும்புகளையும் பார்க்காமல் எழுத உட்கார்ந்தேன். ஸ்கேபாய்டு, லூனேட், ட்ரைக்விட்ரம், பிசிஃபார்ம்... அதோடு நின்றுவிட்டது. இதே பெயர்களைச் செயலியில் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. கண்ணில் பட்டால் தெரிகிறது, தானாக நினைவுக்கு வரவில்லை. அன்றோடு விடை கொடுத்துக் கேட்கும் கேள்விகளை நிறுத்தினேன்.

அப்புறம் படத்தில் பெயர்களை மறைத்து வைத்த அட்டைகள். எலும்புக்கும் தசைக்கும் இவை அருமை. விடை சொன்னதும் என் உடம்பிலேயே தொட்டுப் பார்ப்பேன். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அங்கே அழுத்தினால் தட்டுப்படுவது ஸ்கேபாய்டு. அப்படித் தொட்டுப் படித்த எதுவும் இன்றுவரை மறக்கவில்லை.

உடலியங்கியலுக்கு இது போதாது. சிறுநீரகத்தில் வடிகட்டும் நுண்ணிய அலகுதான் நெஃப்ரான்; 'நெஃப்ரான் என்றால் என்ன?' என்ற அட்டையால் எனக்கு ஒரு பயனும் இல்லை. அதையே இப்படி மாற்றினேன்: சிறுநீரகங்கள் ஒரு நாளில் வடிகட்டுவது சுமார் 180 லிட்டர், வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் போல, மீதி எங்கே போனது? இதற்கு விடை சொல்ல நெஃப்ரானின் நுண்குழல் முழுவதையும் மனதுக்குள் நடந்து பார்க்க வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு முதல் வளைவுப் பகுதியிலேயே திரும்ப உறிஞ்சப்படுவது அப்போதுதான் மனதில் பதிந்தது.

எனக்கு மிகவும் பிடித்த அட்டை, 'படுத்திருப்பவர் சட்டென்று எழுந்தால்?' என்பது. ரத்தம் கால்களில் தேங்குகிறது, இதயத்துக்குத் திரும்புவது குறைகிறது, கழுத்துத் தமனியில் உள்ள அழுத்த உணரிகளின் சமிக்ஞை குறைகிறது, பரிவு நரம்புகள் இதயத்தை முடுக்கிவிடுகின்றன, நாடி ஏறுகிறது. நோட்டில் அம்புக்குறி போட்டு எழுதிவிட்டு, படுத்து எழுந்து நாடியையும் பிடித்துப் பார்ப்பேன். ஒரு அம்பு திசை மாறிப் போனால், எந்தக் கண்ணியில் எனக்குக் குழப்பம் என்பது உடனே தெரிந்துவிடும்.

குழப்பத்துக்கென்றே தனி அட்டைகளும் உண்டு. முக நரம்பு பரோட்டிட் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் புகுந்து போகிறது, ஆனால் அதைச் சுரக்க வைப்பது ஒன்பதாவது கபால நரம்பு. இதில் நான் 6 முறை தவறியிருக்கிறேன்.

அட்டைகளால் தீராத குறை ஒன்று: ஆழம். இதயத்தின் வலது கீழறைதான் முன்பக்கத்தின் பெரும்பகுதி, இடது மேலறை பின்னால். தட்டையான படத்தில் வலது, இடது என்றே பார்த்துப் பழகியதால் இது எனக்கு வெகுநாள் புலப்படவில்லை. பிரித்து மாட்டும் இதய மாதிரியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்த பிறகே தெளிந்தது. இதயத்துக்கும் மூளைக்கும் இப்போது முதலில் மாதிரி, பிறகுதான் அட்டை.