அகலமாக்கிய விரைவுச்சாலையில் மூன்று வருடம்: என் நோட்டுக் கணக்கு

என் காரின் கதவுப் பையில் ஒரு சின்ன நோட்டு கிடக்கிறது. வேலை நாட்களில் விரைவுச்சாலையில் ஏறிய நேரம், இறங்கிய நேரம், மழையா வெயிலா, அவ்வளவுதான் அதில் இருக்கும். வண்டியை நிறுத்திய பிறகுதான் எழுதுவேன். வீடு ஒரு நகரத்தில், வேலை பக்கத்து நகரத்தில், நடுவே 38 கிலோமீட்டர். திசைக்கு இரண்டு தடமாக இருந்த சாலையை மூன்றாக்கும் வேலை தொடங்கியபோது, எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று பார்க்கலாமே என ஆரம்பித்த பழக்கம் இது. வேலை 4 வருடம் நடந்தது. முழுதாகத் திறந்து 3 வருடம் ஓடிவிட்டது. திறந்த வாரமே புகழ்ந்து எழுதியவர்கள் நிறையப் பேர். நான் வேண்டுமென்றே இத்தனை நாள் பொறுத்திருந்தேன்.

பழைய சாலையில் என் சராசரி 50 நிமிடம். ஆனால் அந்தச் சராசரியை நம்பி ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாது. 36 நிமிடத்தில் போய்ச் சேர்ந்த நாளும் நோட்டில் இருக்கிறது, ஒன்றே முக்கால் மணி நேரம் ஆன நாளும் இருக்கிறது. இரண்டு தடத்தில் ஒரு லாரி படுத்துவிட்டால் கதை முடிந்தது. 9 மணி வேலைக்கு 7:30-க்கே கிளம்புவேன். பாதி நாள் முன்கூட்டியே போய், பார்க்கிங்கில் சீட்டைச் சாய்த்துப் படுத்திருப்பேன். அந்த அரை மணி நேரத்தைப் பயண நேரமாக யாரும் எண்ணுவதில்லை. என் வாழ்க்கையிலிருந்து போனது என்னவோ போனதுதான்.

வேலை நடந்த 4 வருடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தடங்களைக் குறுக்கி, ஒரு பக்கமாக ஒதுக்கி, நடுவில் கான்கிரீட் தடுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒரு முறை பாதை வளையும். பயமே அங்கேதான் இருந்தது. பழைய வெள்ளைக் கோடுகளை அழிக்க மேலே கறுப்புப் பெயின்ட் அடித்துவிட்டார்கள். பகலில் பிரச்சினை இல்லை. ஒரு சாயங்காலம் மழை விட்டு, எதிரே தாழ்வாக வெயில் அடித்தது. ஈரத் தாரில் அந்தக் கறுப்புப் பெயின்ட் கண்ணாடி மாதிரி பளபளத்தது. புதுக் கோடு மங்கலாகக் கிடக்க, அழித்த கோடுதான் கோடாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் போன லாரி அழித்த கோட்டைப் பிடித்துக்கொண்டு போனது, பக்கத்துக் கார் புதுக் கோட்டில் போனது. இரண்டும் மெல்ல மெல்ல நெருங்குவதைப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே ஹாரனை அழுத்தினேன். லாரி கடைசி நொடியில் விலகியது. அன்றைக்கு நோட்டில் நேரம் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து அந்த இடத்தில் மேல்தாரைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம்.

ஆனால் அந்தக் காலத்தில்தான் ஒரு விநோதத்தையும் கவனித்தேன். வேலை நடக்கும் பகுதியில் மணிக்கு 60 கிலோமீட்டர்தான், அதுவும் சராசரி வேகக் கேமரா. இரண்டு இடத்தில் நம்பர் பிளேட்டைப் படித்து, நடுவே ஆன நேரத்தை வைத்து வேகத்தைக் கணக்கிடும் வகை. கேமராவைக் கண்டதும் பிரேக், தாண்டியதும் ஆக்ஸிலரேட்டர் என்ற வித்தை அதனிடம் செல்லாது. எல்லோரும் ஒரே வேகத்தில் ஊர்ந்தோம், ஆனால் யாரும் நிற்கவில்லை. வேலை முடிந்த பகுதிக்கு வந்ததும் 100-க்குப் பறந்து, அடுத்த வளைவில் முழுசாக நின்றோம்.

காரணம் இல்லாமல் வரும் நெரிசலைப் பற்றி ஜப்பானியர்கள் ஒரு சோதனை செய்து 2008-இல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் சுற்றளவுள்ள வட்டப் பாதையில் 22 கார்களை விட்டு, மணிக்கு 30 கிலோமீட்டரில் இடைவெளி விட்டுச் சுற்றச் சொன்னார்கள். விபத்து இல்லை, சிக்னல் இல்லை, தடம் குறுகவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் லேசாகத் தயங்க, பின்னால் இருப்பவர் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக பிரேக் போட, அவருக்குப் பின்னால் உள்ளவர் நின்றே விட்டார். அந்த நெரிசல் ஓர் அலையாக, கார்கள் போகும் திசைக்கு எதிராக, பின்னோக்கி நகர்ந்தது. ஒரு மணி நேரம் நின்று நின்று போய், கடைசியில் ஒன்றுமே இல்லாத இடத்தில் சாலை தானாக விடுபடுவதைப் பார்த்து, “இதற்கா நின்றோம்?” என்று நாம் திட்டுகிறோமே, அது இந்த அலைதான்.

சரி, திறப்புக்கு வருகிறேன். மூன்றாவது தடம் திறந்த முதல் மாதம் 29 நிமிடம், 30 நிமிடம் என்று எழுதியிருக்கிறேன். பக்கத்தில் ஆச்சரியக்குறி வேறு. ஆறு மாதத்தில் 35. ஒன்றரை வருடத்தில் 40-ஐத் தாண்டியது. இப்போது 42, 43-இல் நிற்கிறது. 50-இலிருந்து 43. இதற்கா நாலு வருடம் என்று கேட்டால், முறைக்காமல் பதில் சொல்வது கஷ்டம்தான்.

வந்து சேர்ந்த கூட்டம் யார் என்று தேடிப் போக வேண்டியதில்லை. நானே ஒருவன். முன்பெல்லாம் வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் போவேன். சாலை அகலமானதும் ரயில் பாஸைப் புதுப்பிக்கவில்லை. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் ஆறரைக்கே கிளம்பிக்கொண்டிருந்தார், இப்போது எட்டு மணிக்கு வருகிறார். இன்னொருவர் பழைய ஊர்ச்சாலையை விட்டுவிட்டு இதில் ஏறிவிட்டார். வேறு வழியில் போனவர், வேறு நேரத்தில் போனவர், வேறு வண்டியில் போனவர் என்று மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து நெரிசல் நேரத்தை நிரப்பிவிடுவார்கள் என்பது ஆன்டனி டவுன்ஸ் என்ற பொருளியலாளர் விளக்கியது. உச்ச நேர நெரிசலைப் பற்றி அவர் 1962-லேயே எழுதிவிட்டார். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கேட்டி ஃப்ரீவே என்ற சாலையை 2008-இல் விரித்து முடித்தார்கள். பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடம் வரும். அங்கேயும் சில வருடங்களிலேயே உச்ச நேரப் பயணம் திரும்பவும் நீண்டுவிட்டது.

அப்புறம் ஏன் நான் இந்தச் சாலையைக் குறை சொல்ல மாட்டேன் என்கிறேன்? நோட்டில் சராசரியை விட்டுவிட்டு மோசமான நாட்களை மட்டும் எண்ணிப் பார்த்தேன். பழைய சாலையில் 70 நிமிடத்தைத் தாண்டிய நாள் மாதத்துக்கு மூன்று, நான்கு இருக்கும். போன வருடம் முழுக்க மொத்தமே ஐந்து. இப்போது 8:05-க்குக் கிளம்புகிறேன். மிச்சமான ஏழு நிமிடம் ஒரு பொருட்டே இல்லை. பார்க்கிங்கில் படுத்திருந்த அந்த அரை மணி நேரம் வீட்டுக்குத் திரும்பி வந்ததுதான் எனக்குக் கிடைத்த லாபம்.

இதற்கு மூன்றாவது தடம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு வண்டி படுத்தாலும் இன்னும் இரண்டு தடம் ஓடும், அது உண்மை. ஆனால் எனக்குப் பிடித்தது நடு வழியில் உள்ள இரட்டைச் சந்திப்பில் செய்த வேலை. முன்பு அங்கே ஏறும் வழிக்கும் அடுத்து இறங்கும் வழிக்கும் நடுவே ஐநூறு அறுநூறு மீட்டர்தான். ஏறுபவர் உள்ளே வரத் துடிப்பார், இறங்குபவர் வெளியே போகத் துடிப்பார், இருவரும் ஒரே துண்டுச் சாலையில் கத்தரி போல வெட்டிக்கொள்வார்கள். தினசரி அலை பிறக்கும் இடமே அதுதான். இப்போது ஏறும் வழி அப்படியே தனித் தடமாக நீண்டு, அடுத்த இறங்கும் வழியில் போய் முடிகிறது. அவசரமில்லாமல் மாறிக்கொள்ளலாம். மூன்றாவது தடமா, இந்தத் துணைத் தடமா, ஏதாவது ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் யோசிக்காமல் துணைத் தடத்தையே கேட்பேன்.

அடுத்தது தலைக்கு மேல் வேகத்தை மாற்றிக் காட்டும் போர்டுகள். முன்னால் கூட்டம் சேரும்போதே 80, அப்புறம் 60 என்று இறங்கும். “ரோடு காலியாக இருக்கிறது, எதற்கு 60?” என்று முதல் வருடம் எல்லோரும் திட்டினோம். அந்த 60-ஐ மதித்த நாட்களில் முன்னால் நிற்க வேண்டி வருவதில்லை என்பது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. இன்னும் புரியாதவர்கள் தினமும் என்னைத் தாண்டிப் போகிறார்கள்.

இனி, நான் மன்னிக்காத ஒரு விஷயம். கடைசி 9 கிலோமீட்டரில் பாலங்களை அகலமாக்காமல், வண்டி ஒதுங்கி நிற்க இருந்த ஓரத் தடத்தையே நெரிசல் நேரத்தில் ஓடுதடமாக்கிவிட்டார்கள். இரண்டாம் வருடம் ஒரு மழைக் காலையில் என் இன்ஜின் அங்கே உயிரை விட்டது. ஒதுங்குமிடம் 700 மீட்டர் தள்ளி என்று போர்டு சொன்னது, வண்டி 200 மீட்டர்கூட உருளவில்லை. கண்ணாடியில் லாரி விளக்குகள் பெரிதாகிக்கொண்டே வந்தன. ஹசார்ட் விளக்கைப் போட்டுவிட்டு, தடுப்பை ஒட்டிய பக்கத்துக் கதவு வழியாக இறங்கித் தடுப்பைத் தாண்டி நின்றேன். மேலே அந்தத் தடத்துக்குச் சிவப்புப் பெருக்கல் குறி விழ நாலு நிமிடம் ஆனது. விழுந்த பிறகும் சிலர் அதன் அடியிலேயே வந்து, என் வண்டிக்கு முப்பது மீட்டர் முன்னால் திருப்பினார்கள்.

இங்கிலாந்தில் எம்42 சாலையில் 2006-இல் இந்த முறையைக் கொண்டுவந்தபோது ஏறக்குறைய 500 மீட்டருக்கு ஒரு ஒதுங்குமிடம் இருந்தது. பின்னால் வந்த சாலைகளில் அந்த இடைவெளியை இரண்டரை கிலோமீட்டர் வரை நீட்டினார்கள். பொதுமக்களிடம் நம்பிக்கை இல்லை, செலவும் கூடிவிட்டது என்று 2023 ஏப்ரலில் புதிய திட்டங்களையே அந்த நாட்டு அரசு கைவிட்டது. உங்கள் பக்கத்தில் சாலை வேலை வருகிறது, கருத்துக் கேட்கிறார்கள் என்றால், எத்தனை தடம் என்று கேட்பதற்கு முன் ஒதுங்குமிடங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேளுங்கள்.

தார் பற்றி இரண்டு வரி. தண்ணீர் உள்ளே இறங்கும் துளைத்தார் போட்டிருக்கிறார்கள், நெதர்லாந்தின் பெரும்பாலான நெடுஞ்சாலைகளில் இருக்கும் வகை. மழையில் முன் வண்டி வாரி அடிக்கும் புகை மாதிரியான சாரல் பாதியாகிவிட்டது, டயர் இரைச்சலும் குறைவு. ஆனால் சாதாரணத் தார் அளவுக்கு ஆயுள் கிடையாது. மூன்றாம் வருடமே வளைவுகளில் சல்லி உதிர்ந்து கண்ணாடியில் தெறிக்க ஆரம்பித்துவிட்டது.

இப்போது என் நோட்டில் ஒரு பத்தி கூடியிருக்கிறது. விரைவுச்சாலையை விட்டு இறங்கி நகரத்தின் முதல் சிக்னலைத் தாண்ட ஆகும் நேரம். முன்பு 4 நிமிடம், போன வாரம் 13. மூன்று தடத்தில் வருபவர்களை அந்தச் சிக்னல் பழையபடி ஒன்றரைத் தடத்தில் வாங்கிக்கொண்டிருக்கிறது. செவ்வாய்க்கிழமை வரிசை இறங்கும் வழியையும் தாண்டி ஓரத் தடம் வரை வந்துவிட்டது. புதன்கிழமை ரயில் நிலையத்தில் பாஸ் புதுப்பிக்கும் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் ஏழு பேர்.