வேஷம் கட்டுவதா, படத்துக்குள் இருந்து பேசுவதா?

என் அண்ணன் மகள் ஐந்தாம் படிவம் படிக்கிறாள். "அத்தை, காஸ்பிளே பண்ணட்டுமா, வீடியூபர் ஆகட்டுமா?" என்று கேட்டாள். சுங்கை சிப்புட்டில் தையல் வேலை பார்ப்பவள் நான். காஸ்பிளே என்றால் கார்ட்டூன், கதைப் பாத்திரங்களைப் போல வேஷம் கட்டுவது. வீடியூபர் என்றால் தன் முகத்தைக் காட்டாமல், கணினியில் செய்த உருவத்தின் வழியாகக் காணொளியில் பேசுபவர். அவளோடு உட்கார்ந்து இரண்டையும் பார்த்துவிட்டேன்.

2016இல் ஜப்பானின் கிஸுனா ஐ என்ற கணினி உருவம் யூடியூபுக்கு வந்த பிறகுதான் வீடியூபர் மோகம் பரவியது. முகத்துக்குப் பதில் ஓர் உருவம். நாம் தலையைச் சாய்த்தால் அதுவும் சாயும். வீராய்ட் ஸ்டுடியோ என்ற மென்பொருள் இலவசம். முடி, கண் எல்லாம் தேர்ந்தெடுத்து முப்பரிமாண உருவத்தை நாமே செய்துகொள்ளலாம். தட்டையான ஓவியத்தை அசைய வைக்கும் லைவ்2டி மென்பொருள் அப்படியில்லை. ஓவியத்தில் இமை, கருவிழி, முடிக்கற்றை என்று ஒவ்வொன்றையும் தனியாகப் பிரித்து அசைவு கொடுக்க வேண்டும். பார்க்க அவ்வளவு அழகு, ஆனால் ஆள் வைத்துச் செய்தால் கூலி கூடும்.

முகம் தெரியாது என்பது எங்கள் ஊரில் பெரிய ஆறுதல். தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். பெண்பிள்ளை வேஷம் போட்டால் மறுநாளே கோயிலில் அம்மாவை நிறுத்திக் கேட்பார்கள். ஆனால் குரலை என்ன செய்வது? அவளுடைய முதல் காணொளியைக் கேட்டதுமே பக்கத்து வீட்டு அக்கா, "இது நம்ம பிள்ளைதானே?" என்றார்.

சரி, காஸ்பிளே. ‘டீமன் ஸ்லேயர்’ என்ற ஜப்பானியக் கார்ட்டூனின் நாயகன் தஞ்சிரோ போடும், பச்சை, கறுப்புக் கட்டம் போட்ட ஹாவோரியை (ஜப்பானிய மேலங்கி) முதலில் ஆன்லைனில் வாங்கினோம். பாலியஸ்டர், புழுக்கத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அதைவிட எனக்கு மனசு கேட்காதது அந்த முதுகுத் தையல். கட்டங்கள் சேரவே இல்லை, பச்சைக்குப் பக்கத்தில் பச்சை. பருத்தித் துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி நாங்களே ஒட்டுப்போட்டோம். மூலைக்கு மூலை குண்டூசி குத்தி, கையால் ஓட்டுத்தையல் போட்ட பிறகுதான் மிஷினில் வைத்தோம். கோணிய இடத்தையெல்லாம் அவளே பிரித்து மறுபடி தைத்தாள். நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடியபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்!

செலவு என்றால் கோலாலம்பூர் போய்வருவதுதான். 2002இல் தொடங்கிய காமிக் ஃபியஸ்டா என்ற கார்ட்டூன், காமிக்ஸ் ரசிகர் விழா டிசம்பரில் அங்கேதான் நடக்கிறது. ரயில், சாப்பாடு, தங்க இடம் என்று கணக்குப் பார்க்க வேண்டும்.

என்னைக் கேட்டால் காஸ்பிளேதான் முதலில். கையில் ஒரு தொழில் தங்குகிறது, தன்னைப் போன்ற பிள்ளைகளை நேரில் பார்க்கவும் முடிகிறது. பேச ஆசை இருந்தால் வீராய்ட் போதும். லைவ்2டிக்கு இப்போது காசு போட வேண்டாம் என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

அண்ணிதான் தயங்கிக்கொண்டிருந்தார். போன வாரம் ஹாவோரியை இஸ்திரி போட்டு வைத்தவரும் அவர்தான். டிசம்பரில் மூன்று பேரும் போகிறோம்.