கோத்தகிரி மலைக்கு எந்தக் கார்: பெட்ரோலா, கேஸா, ஹைப்ரிடா, மின்சாரமா?

ஒன்பது வருடம் ஓட்டிய 1.2 லிட்டர் பெட்ரோல் காரை விற்றுவிட்டு மின்சாரக் கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. அதற்கு முன் நான்கு மாதம் சிஎன்ஜி கேஸ், டீசல், பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் என்று எல்லாவற்றையும் பார்த்து அலைந்தேன். அதே குழப்பத்தில் இருக்கும் மலைக்காரர்களுக்காக இதை எழுதுகிறேன். சமவெளியில் இருப்பவர்களுக்கு என் கணக்கு அவ்வளவாகப் பொருந்தாது.

என் ஓட்டம் இதுதான். தினமும் கோத்தகிரி, கட்டபெட்டு சுற்றி 20 கிலோமீட்டருக்குள். மாதம் இரண்டு முறை அம்மாவை டாக்டரிடம் காட்டக் கோவை. எப்போதாவது ஊட்டி.

பெட்ரோல் காரைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்ததை நீட்டி முழக்க வேண்டாம். விலை குறைவு, எந்த ஊரிலும் மெக்கானிக் உண்டு, பங்க் உண்டு. மலைக்கென்று சொல்ல வேண்டியது ஒன்று: டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத இன்ஜின் உயரத்தில் மூச்சு வாங்கும். ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடக் கொஞ்சம்தான் அதிகம். காற்று குறைந்தால் பவரும் அதே அளவு குறையும். அதனால்தான் கோவையில் பறக்கிற சின்ன கார், நான்கு பேரோடு தொட்டபெட்டா ஏற்றத்தில் முதல் கியர் கேட்கிறது. அரை கிளட்சிலேயே ஓட்டி ஓட்டி ஒன்பது வருடத்தில் இரண்டு கிளட்ச் பிளேட் மாற்றினேன்.

சிஎன்ஜியை நான் சீக்கிரமே விட்டுவிட்டேன். அதே இன்ஜின் கேஸில் ஓடும்போது பவர் இன்னும் பத்துப் பதினைந்து சதவீதம் இறங்கும். ஏற்கெனவே உயரம் தின்றது போக மிச்சத்தில் இதுவும் போனால் ஏற்றத்தில் என்ன இருக்கும்? டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும். டாடா இரட்டைச் சிலிண்டர் வைத்து இடத்தைக் கொஞ்சம் மீட்டிருக்கிறது, அது நல்ல வேலை. மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டரைப் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். தினமும் நூறு கிலோமீட்டர் கீழே ஓடுகிறவருக்கு இது லாபம். எனக்கு இல்லை.

டீசலின் இழுவையை நான் இன்றும் விரும்புகிறேன். டர்போ இருப்பதால் உயரம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி கட்டாயம் போல ஆகிவிட்டது. அந்தக் கரி எரிந்து தீர இன்ஜின் நன்றாகச் சூடேறி கொஞ்ச நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். கட்டபெட்டு வரை போய்க் கடையில் நிறுத்தித் திரும்பி வருகிற ஓட்டத்தில் அது நடக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலைக்காரருக்கான வண்டி அது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மலையில் கார் வாங்க எல்லோரும் ஏற்றத்தைத்தான் பார்க்கிறோம். நான் இறக்கத்தைப் பார்த்து முடிவு செய்தேன்.

பழைய காரில் ஒரு மழைநாள், அம்மாவோடு மேட்டுப்பாளையம் இறங்கிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பஸ், விட்டு விட்டுப் பிரேக். குஞ்சப்பனைக்கு அருகில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கருகிய வாசம். கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுத்து ஓரம் கட்டினேன். அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா ஒன்றும் பேசவில்லை, முன்சீட்டின் கைப்பிடியை மட்டும் விடவே இல்லை. மறுநாள் மெக்கானிக் தம்பி பார்த்துவிட்டு, “பேட் நல்லாத்தான் இருக்குண்ணா, ஆயில்தான் கொதிச்சிருக்கு. மாத்தி எத்தனை வருஷம் ஆச்சு?” என்று கேட்டார். நான்கு வருடம். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் கொதிநிலை இறங்கும். பனியும் மழையுமான நம் ஊரில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றிவிடுங்கள், எந்தக் காராக இருந்தாலும்.

அதற்குப் பிறகுதான் இந்தக் கணக்கைப் போட்டேன். கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,450 மீட்டர். ஆட்களோடு 1,350 கிலோ வரும் கார் அவ்வளவு இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி ஐந்து யூனிட்டுக்கு மேல். கரன்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். டயரும் காற்றுமாகப் பாதியை வாங்கிக்கொண்டாலும் மிச்சம் இரண்டரை யூனிட் இருக்கிறது. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டியை இரண்டரை மணி நேரம் போட்டு வைத்த சூடு. பெட்ரோல் காரில் அது இன்ஜினில் போக வேண்டும், இல்லையென்றால் பிரேக்கில் போக வேண்டும். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்று லாரி ஓட்டுகிறவர்கள் சொல்வது இதற்காகத்தான்.

மின்சாரக் காரில் அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்புகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்துக்கொள்கிறது. என்னுடையது 24 யூனிட் பேட்டரி கொண்ட டியாகோ இவி. மேட்டுப்பாளையம் போய்ச் சேரும்போது சார்ஜ் குறைவதற்குப் பதில் ஆறேழு சதவீதம் ஏறியிருக்கும். சேரும் சார்ஜைவிட எனக்குப் பெரிதாகப் படுவது பிரேக் சூடாகாததுதான். ஒவ்வொரு வளைவிலும் கடைசியாக ஒரு தொடுதல், அவ்வளவுதான் பிரேக்கின் வேலை. அம்மா இப்போதெல்லாம் குஞ்சப்பனை வரும்போது தூங்கிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு விஷயத்தைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வரும் மின்சாரத்துக்கு இடமில்லை, அதனால் மோட்டார் வண்டியைப் பிடிக்காது. வாங்கிய புதிதில் சார்ஜை 100 சதவீதம் வரை ஏற்றிக்கொண்டு இறங்கினேன். முதல் சில வளைவுகளில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடுவது போல இருந்தது. இப்போது 85-இல் நிறுத்திவிடுகிறேன். கடும் குளிர்க் காலையில் பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும், அப்போதும் இதே கவனம் வேண்டும்.

ஹைப்ரிட் இந்த இடத்தில்தான் எனக்குப் பாதிக் கிணறு தாண்டியது போலத் தெரிந்தது. ஹைரைடர், கிராண்ட் விட்டாரா கார்கள் இரண்டிலும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் (மோட்டாரிலேயே கொஞ்ச தூரம் ஓடக்கூடிய வகை) பேட்டரி முக்கால் யூனிட் அளவுதான். நகரத்தில் நின்று நின்று போக அது போதும். இரண்டரை யூனிட் திரும்பி வரும் மலையில் சீக்கிரமே நிறைந்துவிடும், மீதி வழிக்கு இன்ஜின்தான் பிடிக்க வேண்டும். அதற்கென்று கியரில் ‘பி’ (B) என்று ஒரு நிலை இருக்கிறது, நன்றாகவே பிடிக்கிறது. நண்பர் வண்டியில் ஒரே ஒருமுறை குன்னூர் வழியாக இறங்கியதை வைத்துச் சொல்கிறேன், அதனால் இதை முழுத் தீர்ப்பாக எடுக்க வேண்டாம். சார்ஜ் பற்றிய கவலையே இல்லாதது அதன் பெரிய பலம். கூடலூரிலிருந்து மாதம் நான்கு முறை பெங்களூர் போகும் என் மச்சானுக்கு நானே ஹைப்ரிட்தான் வாங்கச் சொன்னேன்.

மின்சாரக் காரின் கஷ்டம் திரும்பி ஏறும்போது. அந்த 33 கிலோமீட்டர் ஏற்றம் சுமார் 40 சதவீதத்தைத் தின்றுவிடும். 85-இல் கிளம்பிக் கோவை போய் வந்தால், வழியில் சார்ஜ் போடாமல் வீடு சேரும்போது பதினைந்துக்குள் இருக்கும். நான் அந்தத் துணிவு எடுப்பதில்லை. டாக்டரைப் பார்க்கும் நேரத்திலோ மேட்டுப்பாளையத்திலோ அரை மணி நேரம் போட்டுக்கொள்கிறேன். ஒருமுறை ஒரு சார்ஜிங் நிலையத்தில் மெஷின் வேலை செய்யாமல் ஒன்றரை மணி நேரம் வீணானது. அன்றிலிருந்து எப்போதும் இரண்டு இடத்தை மனதில் வைத்துக்கொள்கிறேன். மழையில் மரம் விழுந்து கரன்ட் போவதும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் சார்ஜை 60-க்குக் கீழே இறங்க விடுவதில்லை. வீட்டில் 15 ஆம்ப் பிளக்கும் சரியான எர்த்தும் இல்லாதவர்கள், தெருவில் நிறுத்துகிறவர்கள் இதை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

விற்கும்போது என்ன கிடைக்கும்? பேட்டரிக்கு எட்டு வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரன்டி. அதற்குள் விற்றால் வாங்குகிறவருக்கும் ஒரு பிடிமானம் இருக்கும். ஒன்றரை வருடம் ஓட்டிய நான் அதற்கு மேல் பேசுவது நியாயமில்லை. பழைய பெட்ரோல் காரை விற்கும்போது டிஎன் 43 என்ற நீலகிரி நம்பரைப் பார்த்ததும் கிளட்சையும் பிரேக்கையும் சொல்லி விலையைக் குறைத்தார்கள். இதில் கிளட்ச் இல்லை, பிரேக் பேடும் இன்னும் புதிது போல இருக்கிறது.

எதை வாங்குவதாக இருந்தாலும், கோவை அவிநாசி ரோட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வண்டியை மலைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். வீட்டு ஆட்கள் நான்கு பேரை ஏற்றிக்கொண்டு குஞ்சப்பனை வரை இறங்கி, அங்கே நிறுத்திச் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டிப் பாருங்கள், எவ்வளவு சூடு அடிக்கிறது என்று. அப்புறம் ஏறி வாருங்கள்.