கொய்யாவுக்கு துணிக் கவர்: சின்னானுக்கு ஓகே, வௌவாலுக்கு?

சுருக்குக் கயிறு வச்ச வெள்ளை துணி பழக் கவர், ஆன்லைன்ல வாங்குனது, வீட்டு கொய்யாவுக்கு போட்டிருக்கேன். எல்லா ரிவ்யூலயும் "பறவை, வௌவால் ரெண்டுக்கும் சூப்பர்"னு ஒரே வரில முடிச்சிடறாங்க, ஆனா ரெண்டும் பழம் திங்கிற விதமே வேற, அதனால கவரும் ரெண்டுகிட்டயும் ஒரே மாதிரி தாங்காது.

சின்னான் (தலைல கருப்பு கொண்டை, வாலடில செவப்பு இருக்குமே அதான்) பகல்ல வரும். பழுத்த பக்கமா கொத்தி தின்னுட்டு மிச்சத்த மரத்துலயே விட்டுட்டு போயிடும், அந்த ஓட்டைல எறும்பு ஏறி முழு பழமும் வீண். கண்ணால பாத்துதான் தேடுது, அதனால கவர் மறைச்சிட்டா கிட்டயே வரல. 5க்கு 5.

வௌவால் அப்படி இல்ல. தோட்டத்துக்கு வர்றது பெரும்பாலும் குட்டை மூக்கு பழந்தின்னி வௌவால், 50 கிராம் சொச்சம்தான் இருக்கும், ஆனா ராத்திரில வாசனைய வச்சே பழத்த கண்டுபிடிச்சிடும். சின்ன பழம்னா கவ்விக்கிட்டு வேற மரத்துக்கு போய் தொங்கி, மென்னு சாற குடிச்சிட்டு சக்கைய துப்பிடும். துணி வாசனைய மறைக்காதுல்ல, நல்லா பழுக்க விட்டா கவரையே கடிச்சு கிழிக்குது. செங்காயா இருக்கறப்பவே பறிச்சா தப்பிக்கலாம். 3 ஸ்டார்.

அதுக்குன்னு மெல்லிசு நைலான் வலை பக்கம் மட்டும் போயிடாதீங்க ப்ளீஸ். ராத்திரில அந்த நூல் வௌவாலுக்கு தெரியாது, மாட்டி துடிச்சு றெக்கை சவ்வு கிழிஞ்சிடும், குட்டிய நெஞ்சுல தூக்கிட்டு வர்ற தாயா கூட இருக்கலாம். சின்னானும் கால் சிக்கி செத்துடும். ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலத்துல 2021லேர்ந்து வீட்டு பழ மரத்துக்கு போடற வலைல, இழுத்துப் புடிச்சாலும் கண்ணு 5 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாதுன்னு சட்டமே இருக்கு. கடைல கேட்டா யாரும் இத சொல்ல மாட்டேங்கறாங்க, நீங்களே விரல விட்டு பாருங்க, உள்ள போச்சுன்னா வாங்காதீங்க.

இலுப்பைல மகரந்தம் சேக்கறது பழந்தின்னி வௌவால்தான், செடில புழு பொறுக்கறது சின்னான். உச்சாணிக் கிளை பழத்துக்கு நான் கவர் போடறதே இல்ல, அது அதுங்களுக்கு.

வாங்கறவங்களுக்கு ஒண்ணு: காய் எலுமிச்சை அளவு வந்ததும் போட்டுடுங்க, பழ ஈயும் முட்டை வைக்காது. கயித்த காம்புல கட்டாதீங்க, கிளையோட சேத்து கட்டுங்க, இல்லன்னா காத்துக்கு கவரோட பழம் கீழ வந்துடும்.