கடற்கரை வீட்டின் எளிமை மலைநாட்டில் தாங்குமா? எங்கள் ஹட்டன் வீட்டு அனுபவம்

இலங்கையின் தென்கரையில் காலி, பெந்தோட்டைப் பக்கத்து வீடுகளின் உள் அமைப்பு எனக்கு எப்போதுமே பிடிக்கும். வெள்ளைச் சுவர், வழவழப்பான சீமெந்துத் தரை, பிரம்பு நாற்காலி, அவ்வளவுதான். கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) தென்கரையில் கட்டிய ஹோட்டல்களைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு தெரியும். ஹட்டனில் எங்கள் பழைய கருங்கல் வீட்டைத் திருத்தியபோது அதைத்தான் மனதில் வைத்திருந்தேன். ஆனால் ஹட்டன் சுமார் 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவமழை. கரையில் உப்புக்காற்றைத் தாங்குகிற பொருள், இங்கே ஓயாத ஈரத்தைத் தாங்க வேண்டும். பல மழைக்காலம் பார்த்தாகிவிட்டது, எது நின்றது எது நிற்கவில்லை என்று இப்போது சொல்லலாம்.

முதலிடம் சுண்ணாம்புக்கு. முன்பிருந்த பெயின்ட் ஒவ்வொரு மழைக்கும் கொப்பளித்து உரியும். வேலைக்கு வந்த மேசன் பாஸ், "தம்பி, கல்லுச் சுவருக்குச் சுண்ணாம்புதான். வேற எதை அடிச்சாலும் உரிஞ்சுக்கிட்டுத்தான் வரும்" என்றார். மாத்தளைச் சுண்ணாம்பை ஊறவைத்து, வடிகட்டி, மோர் பதத்தில் கரைத்து, மெல்லிசாகப் பல கை அடித்தோம். அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி மறுபடி கல்லாக இறுகுகிறது. ஆனாலும் சுவருக்குள் இருக்கிற ஈரம் வெளியேற வழி விடுகிறது. காரத்தன்மை இருப்பதால் பூஞ்சணமும் லேசில் பிடிக்காது. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும், அது உண்மை. வருடத்துக்கு ஒரு கை அடிக்கவும் வேண்டும். தீபாவளிக்கு முன்னால் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பழகிய அம்மாவுக்கு அது வேலையாகவே தெரியவில்லை. சுண்ணாம்பு வாசம் வந்தால்தான் அவருக்குத் தீபாவளி.

கூடத்துச் சிவப்புச் சீமெந்துத் தரை, மெழுகு போட்டுத் தேங்காய் மட்டையால் தேய்க்கத் தேய்க்க அழகாகிறது. ஆனால் டிசம்பர், ஜனவரியில் வெறுங்கால் வைக்க முடியாது. படுக்கையறைகளுக்கு டர்பன்டைன் மரப் பலகை போட்டது நல்லதாயிற்று. அந்த மரத்தை நன்றாகக் காயவைத்துத்தான் அடிக்க வேண்டும், இல்லையென்றால் வளைந்து வெடிக்கும்.

பிரம்பைப் பரிந்துரைக்க மாட்டேன். மழைக்காலத்தில் கட்டுகளுக்குள் கறுப்பாகப் பூஞ்சணம் ஏறுகிறது, துடைத்தாலும் திரும்ப வருகிறது. பன் புல்லில் பின்னிய பாய்களும் அப்படித்தான். பலா மர மேசைக்கு எண்ணெய் மட்டும்தான் பூசுகிறோம். மஞ்சளாக வந்தது, இப்போது ஆழ்ந்த பழுப்பு. வீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் அதுதான்.

கரையில் ஜன்னல் காற்றுக்காக, இங்கே வெயிலுக்காக. கிழக்குச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தோம். செலவழித்ததில் அதற்குத்தான் முழுப் பலன். தகரக் கூரைக்கு அடியில் சவுக்கு (இங்கே கிரெவிலியா மரத்தைச் சொல்வது) பலகை அடித்ததால் மழைச் சத்தமும் குளிரும் நன்றாகக் குறைந்தன.

அடுத்தது குசினிச் சுவர். அங்கே இன்னும் பழைய பெயின்ட். அதன்மேல் சுண்ணாம்பு பிடிக்காது, முழுதாகச் சுரண்ட வேண்டும். ஜனவரியில் மழை விட்டதும் தொடங்குகிறோம்.