காந்தமானி அளவுத்திருத்தம்: மின்-மேக்ஸ் போதுமா, எலிப்சாய்டு வேண்டுமா?

சின்ன ரோவர் (சக்கர ரோபோ) ஒன்றில் திசை அறியப் பொருத்திய காந்தமானியை (காந்தப் புலத்தை அளக்கும் சென்சார்) மின்-மேக்ஸ் (min-max), எலிப்சாய்டு (ellipsoid) என்ற இரண்டு முறையிலும் அளவுத்திருத்தம், அதாவது ரோவரிலேயே உள்ள இரும்பும் காந்தமும் தரும் பிழையை நீக்குதல், செய்து பார்த்துவிட்டு எலிப்சாய்டு பக்கம் வந்துவிட்டேன்.

மின்-மேக்ஸ் பலருக்கும் தெரிந்ததுதான். எல்லாப் பக்கமும் திருப்பி, ஒவ்வோர் அச்சிலும் வந்த உச்ச, நீச எண்களின் நடுப்புள்ளியைக் கழிக்க வேண்டும். நிரல் பத்து வரிதான். சென்னையில் இதற்கு ஒரு வசதியும் உண்டு: புவிக்காந்தப் புலம் தரைமட்டத்திலிருந்து சாயும் கோணம் இங்கே பத்து டிகிரிக்கும் குறைவு. அச்சைக் கிடையாக வடக்கும் தெற்கும் காட்டினாலே ஏறக்குறைய உச்சம் கிடைத்துவிடும். லண்டனில் என்றால் தரையை நோக்கி 66 டிகிரி சாய்க்க வேண்டும்.

நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான். ஆயிரம் அளவீடு எடுத்தாலும் மின்-மேக்ஸில் முடிவைத் தீர்மானிப்பவை ஆறே ஆறு எண்கள். அதில் ஒன்று பிசகினால் போச்சு. முதல் தடவை மொட்டை மாடியில் செய்தேன். தரையை ஒட்டிப் புரட்டிய ஒரு கணத்தில் கான்கிரீட்டுக்குள் இருந்த கம்பி எக்ஸ் அச்சின் உச்சத்தை ஏற்றிவிட்டது. ரோவர் காட்டிய வடக்கு பத்து டிகிரிக்கு மேல் தள்ளிப் போனது. அந்த ஆறு எண்களை எத்தனை முறை பார்த்தாலும் தவறு எங்கே என்று தெரியவில்லை.

எலிப்சாய்டு முறை எல்லா அளவீடுகளையும் முப்பரிமாணப் புள்ளிகளாக வைத்து, அவற்றுக்குச் சேர்த்து ஒரு முட்டை வடிவத்தைப் பொருத்தி, அதை உருண்டையாக்குகிறது. ரோவரில் உள்ள இரும்பு புலத்தை வளைப்பதால் முட்டை சாய்வாக நீண்டுவிடும் கோளாறும் (சாஃப்ட் அயர்ன்) இதில் சரியாகும், மின்-மேக்ஸில் ஆகாது. தப்பான புள்ளி உருண்டைக்கு வெளியே தனியாக நிற்கும், தூக்கி எறிந்துவிடலாம். அப்புறம், திருத்திய பிறகு எந்தப் பக்கம் திருப்பினாலும் மொத்தப் புலம் மாறக் கூடாது. சென்னைக்குச் சுமார் 41 மைக்ரோடெஸ்லா. பேட்டரியை மாற்றினாலோ இரும்புத் திருகு போட்டாலோ ரோவரை நாலு பக்கம் திருப்பிப் பார்க்கிறேன். அந்த எண் ஆடினால் மட்டும்தான் மறுபடி அளவுத்திருத்தம்.

கணக்கு கொஞ்சம் கனமானது, ஆனால் மோஷன்கால் போன்ற இலவச மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.



எலிப்சாய்டுக்கு ஒரு எச்சரிக்கை உண்டு. திறந்த மைதானத்தில், போனைத் தள்ளி வைத்துவிட்டு, ரோவரைத் தலைகீழாகவும் பக்கவாட்டிலும் புரட்டுங்கள். நம் ஊரில் தட்டையாக வட்டமடித்தால் இசட் அச்சு புலத்தையே பார்க்காது, முட்டை கன்னாபின்னாவென்று வரும்.